பல்லில் மூன்று கோடுகள்

"ஏம்மா, இது பிழைத்து எழுந்தால்கூட என்ன காவல் காக்கப்போகிறது?"

பெரியப்பா கேட்டதில் கோபம் இல்லை. வாழ்நாளெல்லாம் மாடு கன்று பார்த்தவரின் கணக்கு அது. செங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுத் திண்ணையில், ஓர் அட்டைப்பெட்டிக்குள் பழைய சேலையைச் சுருட்டிப் போட்டு, அதன்மேல் ஒரு நாய்க்குட்டியைக் கிடத்தியிருந்தேன். ஐந்து மாதம் இருக்கும். வெள்ளை உடம்பில் கறுப்புப் பொடி தூவினாற்போலப் புள்ளிகள் இருந்ததால் மிளகு என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டு கண்களிலும் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூக்கில் சளி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி இமையைப் பிரித்தால், உள்ளே இருந்த கண் என்னைப் பார்த்ததா, சும்மா திறந்துகொண்டதா என்று சொல்ல முடியவில்லை.

நாய் வளர்க்கிறவர்களுக்கு டிஸ்டெம்பர் என்ற சொல்லைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும். தட்டம்மைக் கிருமிக்கு அது நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகைகளை அடியோடு காலி செய்த வெக்கை நோயும் அதே குடும்பம்தான். தடுப்பூசி போட்டிருந்தால் தப்பிக்கலாம். வந்துவிட்டால் அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. நீர்ச்சத்து வற்றாமல், உடம்பு குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். கூடப்பிறந்த இரண்டும் முதல் வாரத்திலேயே போய்விட்டன. மிளகு காய்ச்சல், சளி, கழிச்சல் என்று எட்டு நாள் கிடந்தது. ஒன்பதாம் நாள் தள்ளாடி எழுந்து வந்து கொஞ்சம் தயிர்சாதத்தை நக்கியது. தேறிவிட்டது என்று தெரு முழுவதும் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாளில் மறுபடியும் காய்ச்சல். அதிலிருந்தும் எழுந்தது, மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறை வலிப்போடு வந்தது. வெறும் வாயை மென்றது, நுரை தள்ளியது, படுத்த இடத்திலேயே நான்கு கால்களாலும் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டது. வெறிநோயாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். "ரொம்பவும் துன்பப்படுகிறது. ஊசி போட்டு அமைதியாக அனுப்பிவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் கால்நடை மருத்துவர். அன்று சாயங்காலம்தான் பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பாவம் பெரியப்பா" என்றேன். அவரும் "பாவம்தான்" என்றார். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் ஆகவில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. நாய்களை வெறுக்கிறவர் இல்லை அவர். தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மிச்சச் சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து, கொல்லைப்புறத்துப் பலகைக்கல்லில் கொட்டுவார். ஊர்நாய்கள் மூன்று அதற்காகக் காத்திருக்கும். எதற்கும் பெயர் கிடையாது, எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. புது ஆள் தெருவில் நுழைந்தால் அந்த மூன்றும் குரைக்கும். சோற்றுக்குக் காவல் என்பது அவருக்கும் அவற்றுக்கும் எழுதாத ஒப்பந்தம். மிளகு அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது திண்ணையில் பெட்டியைக் காணவில்லை. நெஞ்சு திக்கென்றது. தேடினால் அடுப்படியில், சாம்பல் சூடு ஆறாத இடத்தில் இருந்தது. "மார்கழிப் பனி விழுகிறது" என்றார் பெரியப்பா, முகத்தைத் திருப்பிக்கொண்டே.

மிளகு பிழைத்தது. இடது முன்னங்கால் இன்றைக்கும் தூக்கத்தில்கூடத் துடித்துக்கொண்டே இருக்கும். மணிக்கூண்டுக் கடிகாரத்தின் முள்போல ஒரே சீராகத் துடிக்கும். ஒரு வயதானபோது வேறு எதற்கோ மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டிஸ்டெம்பர் பல். பாருங்கள்" என்று காட்டினார். கோரைப்பல்லின் குறுக்கே, மரத்தில் நார் கட்டிய தழும்புபோல், பழுப்பாகக் கோடுகள் ஓடின. நகத்தால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் மாதங்களில் கடும் காய்ச்சல் வந்தால் பல்லின் கெட்டியான மேலுறையான பற்சிப்பி வளர்வது தடைபடும். காய்ச்சல் விட்டதும் மறுபடி வளரும். தடைபட்ட நாட்கள் கோடாகத் தங்கிவிடும். ஒருமுறை உருவான பற்சிப்பி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது என்பதால் அந்தக் கோடு சாகும்வரை இருக்கும், செத்த பிறகும் இருக்கும்.

ஓபர்காசல் குட்டி

செத்த பிறகும் இருக்கும் என்பது எத்தனை நாளைக்கு என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 1914 பிப்ரவரியில், ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டி ரைன் நதிக்கரையில் இருக்கும் ஓபர்காசல் என்ற இடத்தில், கல்குவாரியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். தட்டையான கருங்கற்களுக்கு அடியில் இரண்டு மனித எலும்புக்கூடுகள்: நடுவயதை ஒட்டிய ஓர் ஆண், இருபத்தைந்து வயதை ஒட்டிய ஒரு பெண். எலும்புகளிலும் சுற்றியிருந்த மண்ணிலும் காவிக்கல் பொடியின் சிவப்பு. எலும்பிலும் கொம்பிலும் செதுக்கிய சின்னச் சின்னப் பொருட்கள். கூடவே சில விலங்கு எலும்புகள். அந்த விலங்கை ஓநாய் என்று எழுதிவைத்தார்கள். அதே ஆண்டு உலகப்போர் தொடங்கியது. எழுபதுகளின் இறுதியில் அந்த எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அது ஓநாய் இல்லை, நாய் என்று தெரிந்தது. வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். நாய் என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகளில் ஒன்று அது.

2018இல் அந்தப் பற்களை ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தது. ஆய்வை முன்னின்று செய்த லூக் யான்சன்ஸ் ஒரு கால்நடை மருத்துவர். தொல்லியலாளர்கள் பல் என்று பார்த்த இடத்தில் அவர் நோயைப் பார்த்தார். பற்சிப்பியின் குறுக்கே கோடுகள். டிஸ்டெம்பர், அல்லது அதே இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி. நான்கு ஐந்து மாத வயதில் மூன்று முறை கடும் நோய் வந்துபோயிருக்கிறது. ஏழு மாத அளவில் குட்டி இறந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அந்த நோயோடு ஒரு குட்டி மூன்று வாரம்கூடத் தாண்டாது என்பது அவர்கள் முடிவு. சூடாக வைத்திருக்க வேண்டும், கழிச்சலையும் வாந்தியையும் துடைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், ஒருவேளை ஊட்டவும் வேண்டும். யாரோ அதையெல்லாம் வாரக்கணக்கில் செய்திருக்கிறார்கள்.

இதைப் படித்த ராத்திரி மிளகு என் காலடியில் படுத்திருந்தது. குனிந்து உதட்டைத் தூக்கினேன். பழகிப்போனதால் அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கோரைப்பல்லில் விரல்நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தேன். ஒன்று. வழுவழுப்பான கொஞ்ச இடம். இரண்டு. மறுபடி கொஞ்ச இடம். மூன்று. இந்தக் கோடுகளுக்கு நடுவே இருந்த வழுவழுப்பான இடங்கள்தான் நான் தெருவெல்லாம் போய்த் தேறிவிட்டது என்று சொன்ன நாட்கள். எனக்குத் தெரிந்த ஒன்று, என் சேலையில், என் கைநாற்றத்தில், என் தூங்காத ராத்திரிகளில் நடந்த ஒன்று, பதினாலாயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு குட்டியின் வாயில் எழுதியிருக்கிறது. அந்த ஆணும் அந்தப் பெண்ணும் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களில் ஒருவர், அல்லது அவர்களைச் சேர்ந்த ஒருவர், ராத்திரி எழுந்து எழுந்து அதன் மூச்சு ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் செய்யாமல் இருக்க முடியாது. செய்தவர்களுக்குத் தெரியும்.

ஓநாய் ஏன் கிட்டே வந்தது

ஓநாய் நாயான கதையை எங்கே படித்தாலும் பெரியப்பாவின் ஒப்பந்தம்தான் வேறு வேறு உருவத்தில் வருகிறது. கூட வேட்டையாடியது என்பார்கள். ராத்திரி காவல் காத்தது என்பார்கள். ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் குப்பைமேட்டில் தொடங்கினார்கள்: மனிதர்கள் எறிந்த மிச்சத்தைத் தின்ன வந்த ஓநாய்களில், ஆளைக் கண்டு ரொம்ப தூரம் ஓடாதவைக்கு வயிறு நிறைந்தது, அவை பெருகின என்றார்கள். கொல்லைப்புறத்துப் பலகைக்கல்லை அறிந்த யாருக்கும் இது உடனே பிடித்துவிடும், எனக்கும் பிடிக்கும். ஆனால் நாய் தோன்றிய காலத்தில் ஊரே கிடையாது, பயிர் கிடையாது. எல்லோரும் வேட்டையாடி அலைந்தவர்கள். ஆடும் மாடும் நம்மோடு வந்து சேர இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் இருந்தன. மேடாகக் குவியும் அளவுக்குக் குப்பை எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி நிற்கிறது. 2021இல் பின்லாந்து ஆய்வாளர் மரியா லஹ்தினென் இன்னொரு வழி சொன்னார். பனியுகக் குளிர்காலத்தில் கிடைத்த விலங்குகளில் கொழுப்பு வற்றியிருக்கும். வெறும் இறைச்சியை மட்டும் தின்று மனித உடம்பு தாங்காது. மிஞ்சிய இறைச்சி ஓநாய்க்குப் போயிருக்கலாம் என்றார். இருவருக்கும் போட்டி இல்லாத இடத்தில்தான் பழக்கம் முளைக்கும் என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

2022இல் 72 பழங்கால ஓநாய்களின் மரபணுவை ஒப்பிட்டார்கள். மேற்குப் பக்கத்து ஓநாய்களைவிட ஆசியாவின் கிழக்குப் பக்கத்துப் பழைய ஓநாய்களுக்கே நாய்கள் நெருக்கமாக இருந்தன. நேரடி மூதாதையான கூட்டம் அந்த 72இல் அகப்படவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்: இன்றைக்குக் காட்டில் இருக்கும் ஓநாய் நாயின் பாட்டனார் இல்லை, பங்காளி. இரண்டும் அற்றுப்போன ஒரு பழைய கூட்டத்திலிருந்து பிரிந்தவை. பிரிந்த பிறகு நாயின் உடம்பே நம் சமையலுக்கு ஏற்ப மாறியிருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாய்களில் பலவற்றிடம் அது பல மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013இல் கண்டார்கள். தயிர்சாதத்தில் மிளகு எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என்னை அதிகமாக யோசிக்க வைத்தது நரிகள்தான். சோவியத் நாட்டில் நோவோசிபிர்ஸ்க் நகரத்தில் 1959இல் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கி, லுத்மிலா துரூத் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நடத்திய சோதனை. ரோமத்துக்காக வளர்க்கும் பண்ணை நரிகளில், கையை நீட்டினால் கடிக்காத, பயந்து ஒடுங்காத குட்டிகளை மட்டும் எடுத்து இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளுக்குள் ஆளைக் கண்டு வாலாட்டும் நரிகள் பிறந்தன. முனகிக்கொண்டு வந்து கையை நக்கின. அந்த நரிகள் ஏற்கெனவே கனடாவில் பண்ணையில் பழக்கப்பட்ட வம்சம், காது மடிந்ததும் உடம்பில் புள்ளி வந்ததும் சோதனையால் மட்டும் வந்தவை இல்லை என்று பின்னால் வலுவான மறுப்பு எழுந்தது. அது சரியான மறுப்புதான். ஆனால் பழகும் குணத்தைத் தேர்ந்தெடுத்தால் அது தலைமுறைதோறும் கூடுகிறது என்பது நின்றுவிட்டது. அந்த நரிகள் யாருக்கும் காவல் காக்கவில்லை. எதையும் துரத்திப் பிடித்துத் தரவில்லை. அவற்றிடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று: கிட்டே இருக்க முடியுமா? பழக்கம் வருவதற்குப் பயன் முன்னால் போக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் தெருநாய்களை வைத்துச் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. அறிமுகமில்லாத ஆள் திரும்பத் திரும்பச் சோறு கொடுத்ததைவிட, திரும்பத் திரும்பத் தலையைத் தடவிக்கொடுத்தபோதே தெருநாய்கள் அவரை அதிகம் நம்பின. நாள்தோறும் நம்மிடம் அடியும் கல்லும் வாங்குகிற நாய்கள் அவை.

நடுகல்லும் ஒரு கேள்வியும்

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு எடுத்தனூர் நடுகல்லைச் சொல்லத் தேவையில்லை. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்க நின்று இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது; கோவிவன் என்ற அதன் பெயரும், கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. எத்தனையோ மனிதர்களின் பெயர் அழிந்துபோன காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் வந்து சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல் இன்னும் விரிவானது. 949இல் தக்கோலத்தில் நடந்த போரில், சோழ இளவரசன் ராசாதித்தன் இறந்த அதே போரில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று சண்டையிட்டவன் மணலேரன். வீரத்துக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது அவன் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. மணலேரன் கல் நட்டு, நிலமும் விட்டு, பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் நாயின் பாவம் அவனைச் சேரும் என்றும் எழுதிவைத்தான். கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த இரண்டு கல்லையும் நினைத்துப் பார்த்தபோதுதான் பெரியப்பாவின் கேள்வி எனக்குள் ஏன் அடங்கவில்லை என்று புரிந்தது. நடுகல்லுக்கு ஒரு செயல் வேண்டும். கள்ளனைக் கடித்திருக்க வேண்டும், பன்றியோடு மோதிச் செத்திருக்க வேண்டும். ஓபர்காசல் குட்டியிடம் சொல்லிக்கொள்ள ஒரு செயலும் இல்லை. ஏழு மாதத்தில் செத்த குட்டி, அதில் பல வாரங்கள் படுக்கையில். அது எதையும் துரத்தவில்லை, எதையும் காக்கவில்லை. ஆனாலும் அதை மனிதர்களோடு சேர்த்து, அதே காவியோடு, அதே கல்லுக்கு அடியில் வைத்தார்கள்.

பெரியப்பா மாதிரி கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு பதில் சொல்லலாம். நானே எனக்குள் சொல்லிப் பார்த்தேன். கன்றுக்கு நோய் வந்தால் பார்ப்பதில்லையா, நாளைக்குப் பால் தரும் என்றுதானே? குட்டியும் நாளைக்கு வேட்டைக்கு வரும் என்று பார்த்திருப்பார்கள். முதல் முறைக்கு இது பொருந்தும். இரண்டாம் முறைக்குக்கூட இழுத்துப் பிடித்துப் பொருத்தலாம். மூன்றாம் முறையும் விழுந்த குட்டியைப் பார்த்தவர்களுக்கு இது வேட்டைக்கு ஆகாது என்று தெரியாமல் இருந்திருக்காது. காலை முதல் மாலை வரை விலங்குகளின் நடையையும் மூச்சையும் பார்த்தே பிழைத்தவர்கள் அவர்கள். நாய் ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டி போடும். வேறு குட்டிக்குப் பஞ்சமில்லை. பழங்காலக் குடியிருப்புகள் பலவற்றில் வெட்டுக்காயம் பட்ட நாய் எலும்புகளும் கிடைக்கின்றன. பசி வந்தபோது நாயைத் தின்றும் இருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பற்றி உருக எனக்கு விருப்பமில்லை. அந்தக் குட்டி நாய் இனத்தின் தொடக்கமும் இல்லை. ஓநாய் நாயாகிப் பல தலைமுறைகள் கழித்துப் பிறந்தது. ஓநாய் ஏன் கிட்டே வந்தது என்பதற்கு எச்சிலும் இறைச்சியும் காவலும் விடை சொல்லிவிடும். கிட்டே வந்தது படுத்துவிட்டபோது மனிதர் ஏன் எழுந்து போகவில்லை என்பதற்கு அவற்றில் எதுவும் விடை சொல்லவில்லை. இஸ்ரேலில் ஐன் மல்லாகா என்ற இடத்தில் ஏறத்தாழ 12,000 ஆண்டுக்கு முந்தைய புதைகுழி ஒன்று. உள்ளே ஒரு மனிதர், சில மாதக் குட்டி ஒன்று. மனிதரின் கை குட்டியின் மேல். வைத்தவர்கள் அந்தக் கையை எடுத்துக் குட்டியின் மேல் வைத்திருக்கிறார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஓபர்காசல் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். மாட்டுக்குப் புதுக் கயிறு திரித்துக்கொண்டே கேட்டார். மிளகு அவர் பக்கத்தில் படுத்திருந்தது, முன்னங்கால் துடித்துக்கொண்டிருந்தது. பதினாலாயிரம் வருடம் என்றதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அங்கே குளிர் அதிகமோ?" என்றார்.

"நம் ஊரைப்போல இல்லை பெரியப்பா. பனியுகம் முடிந்துகொண்டிருந்த சமயம்."

"அப்படியானால் நெருப்புப் பக்கத்தில்தான் கிடத்தியிருப்பார்கள். கழிச்சல் கண்ட குட்டிக்குச் சூடு விட்டுப்போனால் அவ்வளவுதான்."

கயிற்றின் நுனியை முடிந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"மூன்று முறை வந்தது என்றாயே?"

"ஆமாம் பெரியப்பா. பல்லில் இருக்கிறது."

"அப்படியென்றால் இரண்டு முறை தேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்" என்றார்.